ஆறு பலூனும் ஓர் எலுமிச்சம்பழமும்

அப்பா வாங்கிய புது செடான் கார் எதற்கெடுத்தாலும் கத்தும். பெல்ட் போடாவிட்டால் கத்தும், கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் கத்தும், பின்னால் நாய் போனாலும் கத்தும். எங்காவது மோதினால் உள்ளிருந்து ஆறு பலூன் விரியும் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அப்பா பெருமையடித்துக்கொண்டார்.

அம்மாவின் தம்பியான மாமாவிடம் இருந்தது அதற்கு நேர்மாறு. யாரோ எஸ்டேட்காரர் கொட்டகையில் போட்டுவைத்திருந்த அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். மாமா கணபதி என்ற பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். கிடைக்காத பாகங்களையெல்லாம் தானே கடைந்து போட்டு அதை ஓட வைத்தார். இரண்டே சீட்டு. கூரை கிடையாது, பெல்ட் கிடையாது.

“உங்க வண்டி உங்களை ஓட்டுதுங்க மச்சான். என்ற வண்டிய நான் ஓட்டறனுங்க” என்பார். அந்தக் காரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து போய்விடுவார்.

எனக்கு அப்போது எட்டு வயது. காரமடைக் கோயிலில் செடானுக்குப் பூஜை போட்டோம். சக்கரத்தடியில் பழங்கள் நசுங்கின. பெருமாள் பாதத்தில் வைத்துக் கொடுத்த எலுமிச்சம்பழத்தை அம்மா உள்ளே டம்ளர் வைக்கும் குழியில் பத்திரப்படுத்தினாள். பிறகு இரண்டு கார்களும் கோத்தகிரிக்கு விருந்துக்கு ஏறின. திரும்பும்போது மாமாவோடுதான் வருவேன் என்று நான் அடம் பிடித்தேன். அப்பாவின் முகம் கடுத்தது. அம்மா அந்தப் பழத்தை எடுத்துவந்து மாமாவின் கார் முகப்பில் வைத்தாள்.

“அந்த வண்டிக்கு ஆறு பலூன் இருக்குது. இதுக்கு இதாச்சும் இருக்கட்டும்.”

அக்கா வைத்ததை எடுக்க மாமாவுக்கு மனம் வரவில்லை. பழத்துக்கென்று ஒரு குழிகூட இல்லாத கார் அது.

மலை இறங்கும்போது காற்று முகத்தில் அறைந்தது. செடான் எங்கோ பின்தங்கிவிட்டது. நான் சிரித்துக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் மாமா திடீரென்று பேச்சை நிறுத்தினார். பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். அது அமுங்கவில்லை. கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது.

“கதவக் கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு.”

அவ்வளவுதான் சொன்னார். கியரைக் குறைத்தார், எஞ்சின் அலறியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். என்னை இறுக்கிப் பிடிக்க ஒன்றுமே இல்லாத அந்தச் சீட்டில் நான் பாவாடையோடு நனைந்துபோனேன். செத்துப்போகிறோம் என்றுதான் நினைத்தேன். பஸ் எங்களைக் கடந்த மறுகணம் கார் மலைப்பக்கத்து மண்ணில் உரசி உரசி நின்றது.

மாமா குனிந்தார். பிரேக் பெடலுக்கு அடியிலிருந்து எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கியெடுத்தார். தோல் கிழிந்து பிதுங்கியிருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு பேண்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

செடான் வந்து நின்றது. அப்பா கத்தினார்.

“இந்தத் தகர டப்பால புள்ளைய ஏத்த வேண்டாம்னு சொன்னனா இல்லியா மாப்ள?”

“ஆமாங்க மச்சான். பிரேக்கு போயிருச்சுங்க. பழைய வண்டிதானுங்க.”

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். “நான் வெச்சு உட்ட பழந்தான் என்ற புள்ளையக் காப்பாத்துச்சு.”

“ஆமாங்கக்கா” என்றார் மாமா.

நான் வாயைத் திறந்தேன். அவருடைய கை என் தோளை அழுத்தியது.

அம்மா அழுது வற்புறுத்தியதில் மாமா அந்தக் காரை விற்றுவிட்டார். வாங்க வந்தவர் ஓட்டிப் பார்த்துவிட்டு பிரேக் பிரமாதம் என்றார். அப்பாவுக்குப் பயந்து மாமா தன் காரையே காட்டிக்கொடுத்துவிட்டதாக எனக்கு வெகுநாள் அவர்மேல் ஓர் இளக்காரம். பாக்கெட்டில் இருந்ததை அம்மா பார்த்திருந்தால் அதற்குப் பிறகு என்ன ஆகியிருப்பாள் என்று யோசிக்க எனக்கு வயது போதவில்லை.