போறேன் என்றவர்

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில் நாங்கள் இருந்த ரிச்சர்ட்சன் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மதியம் இலவசமாகப் படம் போடுவார்கள். எங்கள் அபார்ட்மென்ட் ஆன்ட்டி ஒருவர் தவறாமல் வருவார். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கீழே வெள்ளை ஸ்னீக்கர்ஸ். எந்தப் படமானாலும் பாதியில் எழுந்துவிடுவார். "அங்கிளுக்கு டிபன் பண்ணணும்மா."

அன்று ஸ்பானிஷ் படம். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறியே அலுத்துப்போன ஒருத்தி, வாணலியை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பையோடு கிளம்பிவிடுகிறாள். அரங்கமே சிரித்தது. ஆன்ட்டியும் வாயைப் பொத்திக்கொண்டு, கடைசிவரை இருந்து சிரித்தார்.

வெளியே வந்ததும், "கீழ இங்கிலீஷ்ல போட்டாங்களே, கவனிச்சியா? 'போறேன்', அவ்வளவுதான் சொன்னா" என்றார்.

அப்போது டவுன்டவுன் பஸ் வந்து நின்றது. எங்கள் வீடு நடக்கிற தூரம், அதுவும் எதிர்ப்பக்கம். ஆன்ட்டி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நான் போறேம்மா."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயோ ஆன்ட்டி, போயிட்டு வரேன்னு சொல்லுங்க!"

 ஆன்ட்டி காலை இறக்கிக்கொண்டார்.

"ஆமால்ல. போயிட்டு வரேம்மா."

வீட்டுப் பக்கம் நடந்தார்.

இப்போதெல்லாம் யார் 'போறேன்' என்று சொன்னாலும் நான் வாயைத் திறப்பதில்லை.