வாசல் வரை காட்டும் கண்ணாடி

பையைத் திறக்கச் சொல்லிவிட்டு நசிமியு பைக்குள் பார்க்கமாட்டாள். திறப்பவரின் முகத்தைப் பார்ப்பாள். ஜிப்பை இழுக்கும் அந்த ஒரு நொடியிலேயே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடுமாம். அதன் பிறகு கையிலிருக்கும் கறுப்புக் கோலால் உள்ளே இரண்டு கிளறு கிளறிவிட்டு, "போங்க, போங்க" என்பாள். நைரோபியில் கயோலே பக்கம் போகும் சாலையில் இருக்கிற அந்த நான்கு மாடிக் கடைவளாகத்தின் வாசலில் ஒன்பது வருடமாக இப்படித்தான் நிற்கிறாள். கருநீல ஸ்வெட்டர், அதே நிறத்தில் தொப்பி, இடது பாதத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்த நிற்பு. காவலாளிகள் உட்காரக்கூடாது என்பது அங்கே விதி. உட்கார நேரும் இடங்களில்கூட, சர்ச்சிலும் மட்டாட்டு மினிபஸ்ஸிலும்கூட, அவள் விளிம்பில்தான் உட்காருவாள்.

அவள் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. மகள் பெயரைச் சொல்லி 'நெலிமா அம்மா' என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். நாற்பத்தாறு வயது. குரல் மட்டும் அதற்கு மேல் பத்து வயது பெரியது.

இந்த வருடத் தொடக்கத்திலிருந்து, சோதனை முடிந்து உள்ளே போகிறவர்களிடம் அவள் இன்னொன்றும் சொல்ல ஆரம்பித்திருந்தாள். "மேல ரெண்டாவது மாடியில ஒருத்தன் உங்க கண்ணைக் கட்டி விடுவான். ஓசிதான். கட்டிக்கணும்னா கட்டிக்கங்க, வேண்டாங்கல. ஆனா முதல்ல போனைக் கூட வந்தவங்க கையில குடுத்துடுங்க."

அந்த 'ஒருத்தன்' கியோகோ. முப்பத்தி நான்கு வயது, மச்சாகோஸ்காரன், பழுத்த மாம்பழ நிறச் சட்டை, ஓயாத வாய். எஸ்கலேட்டர் முடிகிற இடத்தில் ஒரு உயரமான மேஜை, ஒரு மடிக்கணினி, ஒரு ஸ்டூல், மூன்று ஹெட்செட்டுகள். தலையில் மாட்டினால் கண்ணும் காதும் அடைபட்டு, கடலுக்கடியிலோ பனிமலை உச்சியிலோ நிற்பதுபோல் தோன்றும். விற்பதற்கு முன் ஆட்களை அதற்குப் பழக்கிவிட வேண்டும் என்று கம்பெனி அவனை அங்கே நிறுத்தியிருந்தது. கியோகோ அதை ஹெட்செட் என்பான். நசிமியு கண்கட்டு என்பாள். மற்ற காவலாளிகளும் சுத்தம் செய்யும் பெண்களும் நசிமியு வைத்த பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.

ஆறு மாதத்தில் கியோகோவுக்கு மறுப்புகள் மனப்பாடமாகியிருந்தன. பின்னல் போட்டுக்கொண்ட பெண்கள் கைவிரலாலேயே வேண்டாம் என்பார்கள். ஆறு மணி நேரம் உட்கார்ந்து போட்ட பின்னலின் மேல் அந்தப் பட்டையை இறுக்க யார் சம்மதிப்பார்கள்? விக் வைத்தவர்கள் கிட்டவே வருவதில்லை. "இதுக்கு முன்னாடி எத்தனை நெத்தி இதுல வேர்த்திருக்கும்?" என்று ஒரு நர்ஸ் கேட்டாள். "பிசாசு முதல்ல கண்ணைத்தான் கேக்கும் தம்பி, அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றார் ஒரு பாஸ்டரின் மனைவி. ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் ரொம்ப நேரம் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நைரோபியில, அதுவும் கூட்டத்துல, கண்ணை மூடிக்கிட்டு நிக்கறதா? எங்கம்மா என்னை அப்படி வளர்க்கலப்பா."

மாட்டிக்கொண்டவர்களால் வந்த வினை வேறு. ஒருவர் சுறாமீனுக்குப் பயந்து பின்னால் பாய்ந்ததில் பக்கத்துக் கடையின் செருப்பு அடுக்கு சரிந்தது. காற்றைத் தடவிக்கொண்டு அவர்கள் நிற்பதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடியதே தவிர, வாங்க யாரும் கூடவில்லை.

ஒருநாள் கியோகோ கீழே இறங்கி வந்து சண்டை போட்டான்.

"நெலிமா அம்மா, வாசல்லயே என் பொழப்பைக் கெடுக்கறீங்களே, நியாயமா? போனை ஒளிச்சு வைன்னு நீங்க சொன்னா, அப்புறம் எவன் மேல வருவான்?"

"நான் பாதுகாப்புக்கு நிக்கறேன். என் வேலையை நான் பாக்கறேன்."

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மாட்டிப் பாருங்க. அப்புறம் பேசுங்க."

"கண்ணுதான்டா எனக்குச் சம்பளம். அதை நீ கட்டிட்டா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"உலகத்துல எந்தத் தெருவுல வேணும்னாலும் நிக்கலாம். தெரியுமா உங்களுக்கு?"

"நான் இந்த வாசல்ல நின்னா போதும். உடம்பு ஒரு இடத்துல, மனசு ஒரு இடத்துலன்னு நிக்கறதுக்கு எனக்கு மெஷின் எதுக்கு? அது எனக்குத் தானா வருது."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கியோகோவும் தோற்றவனாகச் சிரித்துவிட்டு மேலே போனான். அவளுடைய கடைசி வாக்கியத்தில் பகடி இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.

நெலிமா துபாய்க்குப் போய் அப்போது ஒரு வருடமும் ஏழு மாதமும் ஆகியிருந்தது. வீட்டு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு அவள் வீடியோவில் கூப்பிடுவாள். நசிமியு தன் சாப்பாட்டு இடைவேளையை அந்த நேரத்துக்கு மாற்றி வாங்கியிருந்தாள். சப்பாத்தியும் பீன்ஸும் டப்பாவிலேயே ஆறிப்போகும். திரையை முழுக்க அடைத்துக்கொண்டு மகளின் முகம் வரும். ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர். அவ்வளவுதான்.

"ரூம் எப்படி இருக்கு? காட்டேன்."

"நல்லாருக்கும்மா. ஜன்னல் இருக்கு. அப்புறம் காட்டறேன்."

ஆயிரம் பைகளைத் திறக்க வைத்தவளுக்குத் தன் மகளின் காதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியவில்லை. பேசி முடித்த பிறகு அந்தச் சுவரைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரம் அதில் நிழல் ஒன்று அசைந்தது. துணியா, ஆளா? கேட்டால் மகள் போனை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொள்வாள்.

ஜூலையில் மூன்று வெள்ளிக்கிழமைகள் அழைப்பு வரவில்லை. இவள் கூப்பிட்டால் மணி அடிக்கவே இல்லை. அனுப்பி வைத்த ஏஜென்சிக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். "அங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கும், கவலைப்படாதீங்க" என்றார்கள். 'இருக்கு' என்று சொல்லாமல் 'இருக்கும்' என்று சொன்னதை அவள் கவனித்தாள். அந்த வாரம் வாசலில் யாரையும் எச்சரிக்கவில்லை. பைகளை மட்டும் கிளறினாள், முகங்களைப் பார்க்கவில்லை.

நான்காவது வாரம் புதன்கிழமை காலை. வெளியே குளிர், தூறல், மாடியில் ஈ காக்காய் இல்லை. கூட இருந்த காவலாளியிடம் பத்து நிமிடத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு நசிமியு எஸ்கலேட்டரில் ஏறினாள். கியோகோ அவளைக் கண்டதும் சண்டைக்குத் தயாராக எழுந்தான்.

"உன் கண்கட்டுல துபாய் தெரியுமா?"

"தெரியாம என்ன? உலகத்துலயே உசரமான கட்டிடம்..."

"கட்டிடம் வேண்டாம். ஒரு தெரு."

ஸ்வெட்டருக்குள்ளிருந்து நான்காய் மடித்த காகிதத்தை எடுத்தாள். ஒப்பந்தத்தின் நகல். மடிப்புகள் கிழிந்து பின்னால் டேப் ஒட்டியிருந்தது. அதில் வீட்டு எண்ணும் தெரு எண்ணும் இருந்தன. 'இப்ப போனை யார்கிட்ட குடுக்கப்போறீங்க?' என்ற கேள்வி கியோகோவின் நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். மடிக்கணினியில் எண்ணை அடித்தான்.

அவள் தொப்பியைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்தாள். அவன் பட்டையைத் தளர்த்தி, நரைத்த பின்னல்கள் இழுபடாமல் மெதுவாக மாட்டிவிட்டான்.

வெயில். அவ்வளவு வெயிலை நசிமியு எதிர்பார்த்திருக்கவில்லை. மணல் நிறத்தில் நீண்ட மதில், பழுப்பு இரும்புக் கதவு, பக்கத்தில் எண் பதினான்கு. ஒரு பேரீச்சை மரம், ஒரு வெள்ளை வண்டி. ஆள் நடமாட்டமில்லாத அகலத் தெரு.

மற்றவர்கள் அதற்குள் போனால் கூவுவார்கள், தடவுவார்கள். அவள் வேலைக்கு நிற்பதுபோல் கால்களை அகட்டி நின்றுகொண்டு, கீழிருந்து மேலாகப் பார்த்தாள்.

"கேமரா ரெண்டு. மதில் ரெண்டு ஆள் உசரம்" என்றாள். "மாடியில ஒரு ஜன்னல், திரை போட்டிருக்கு. பின்னாடி என்னன்னு தெரியல."

"தலையைத் திருப்புங்க. தெருவும் திரும்பும்."

திருப்பினாள். மதிலின் மூலையில் ஒரு பச்சைக் குப்பைத் தொட்டி. அதன் பக்கத்தில் கறுப்பான, மெலிந்த பெண் ஒருத்தி, இரண்டு கையாலும் ஒரு பையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"கியோகோ." குரல் சட்டென்று இளைத்திருந்தது. "இங்க ஒரு பொண்ணு நிக்குது. முகத்தை யாரோ அழிச்சிருக்காங்க."

"தெருவுல எடுத்த படம். எல்லார் முகத்தையும் அப்படித்தான் மங்கலாக்கிடுவாங்க."

"நெலிமாவா?"

மடிக்கணினியில் தெரிந்த படத்தின் ஓரத்தில் தேதி இருந்தது. கியோகோ அதைப் பார்த்தான். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது அவனுக்கு. வாய்ப்பேச்சில்தானே அவன் பிழைப்பு.

"மூணு வருஷத்துக்கு முந்தி எடுத்தது, நெலிமா அம்மா."

"அவ போயி ரெண்டு வருஷம்கூட ஆகலையே."

"ஆமா. இது... அவளுக்கு முன்னாடி அங்க வேலை பார்த்தவங்களா இருக்கும்."

நசிமியு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலுக்குப் பெரிதான ஆண் செருப்பு. முழங்கை வரை நனைந்த சட்டைக் கை. முகம் இல்லாததால் பார்க்க மிச்சமிருந்த எல்லாவற்றையும் பார்த்தாள்.

"சின்னப் பொண்ணுதான் இவளும்" என்றாள். பிறகு, "இன்னும் கிட்டப் போ. உள்ள போகணும்."

"படம் எடுத்த வண்டி போன இடம் வரைக்கும்தான் போக முடியும். கதவு வரைக்கும்தான்."

கதவுக்கு நேராக அவளைக் கொண்டுபோய் நிறுத்தினான். இரும்பில் துரு பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. நசிமியு வலது கையை உயர்த்தினாள். விரலை மடக்கி, வெறும் காற்றில் இரண்டு முறை தட்டினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினாள்.

எஸ்கலேட்டரில் வந்த இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். "இங்க பாருடி, வாசல் காக்கற பொம்பளை காத்துல கதவு தட்டுது" என்று ஒருத்தி சிரித்தாள். ஆள் பிடிக்கவே நிறுத்தப்பட்டிருந்த கியோகோ அன்றைக்கு முதல்முறையாக வந்தவர்களை விரட்டினான். "போங்கம்மா, கடைக்குப் போங்க. இங்க ஒண்ணும் இல்ல."

கழற்றியபோது கண்ணைச் சுற்றிப் பட்டையின் தடம் பதிந்திருந்தது. கைக்குட்டையால் முதலில் அந்தக் கருவியின் உட்புறத்தைத் துடைத்து, அப்புறம் முகத்தைத் துடைத்தாள். "வேர்வை" என்றாள். தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் வாசலில் பழையபடி எச்சரிக்க ஆரம்பித்துவிட்டாள். மேலே போகும் வழியில் கியோகோ நின்று, "இன்னுமா நம்பிக்கை வரல?" என்று கேட்டான்.

"மூணு வருஷத்துப் பழைய வெயிலை எம் மூஞ்சில காட்டுது. அதை எப்படிடா நம்பறது?" என்றாள். ஆனால் அன்று டப்பாவில் இரண்டு சப்பாத்தி கூடுதலாக இருந்தது. அவற்றை அவன் கையில் வைத்துவிட்டு அடுத்தவருடைய பைக்குத் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, இரண்டேகாலுக்கு, அழைப்பு வந்தது.

சரக்கு ஏற்றும் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள் நசிமியு. திரை முழுக்க மகளின் முகம். கொஞ்சம் இளைத்திருந்தது.

"அம்மா, இந்த வீட்டுக் குட்டிப்பையன் போனை மீன் தொட்டிக்குள்ள போட்டுட்டான்மா. இப்பத்தான் வேற குடுத்தாங்க. பயந்துட்டீங்களா?"

நசிமியு பயந்ததைச் சொல்லவில்லை. "உங்க வீட்டுக் கதவு பழுப்புதானே? துரு புடிச்சது. பக்கத்துல ஒரு பேரீச்சை. மூலையில பச்சைத் தொட்டி."

"யாரும்மா சொன்னா?"

"நான் வந்தேன். தட்டினேன். யாரும் திறக்கல."

மகளின் முகம் திரையிலிருந்து நழுவியது, போன் திரும்பியது. மாடிப்படிக்கு அடியில் சாய்ந்த கூரை. இஸ்திரி மேஜை, கூடை கூடையாகத் துணி, சுவரோரம் சுருட்டி வைத்த மெத்தை. ஜன்னல் இல்லை. கதவுக்கு மேல் காற்று வர ஒரு சின்னக் கண்ணாடி மட்டும் இருந்தது.

"நீங்க பார்த்தா உடனே வாடீன்னு சொல்வீங்க. வந்துட்டா அப்புறம் தங்கச்சி படிப்பு?" குரல் மட்டும் வந்தது. "அடிக்கல, திட்டல, சாப்பாடு இருக்கு. இடம்தான் சின்னது. ஒப்பந்தத்துல மறுபடி கையெழுத்துப் போடுன்னு கேக்கறாங்க. போடலம்மா. டிசம்பர்ல வந்துடுவேன்."

"போடாத. வந்துடு."

"சரிம்மா. வெக்கட்டுமா? துணி நிறையக் கெடக்கு."

"வெக்காத. பேச வேண்டாம். போனை எங்கயாவது சாய்ச்சு வெச்சுட்டு உன் வேலையைப் பாரு. நான் பாட்டுக்கு இருக்கேன்."

நெலிமா போனைத் துணிக்கூடை மேல் சாய்த்து வைத்தாள். அவள் துபாய் போன பிறகு முதல்முறையாக மகளைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள் நசிமியு. இஸ்திரிப்பெட்டி போய் வந்தது. வெள்ளைச் சட்டை ஒன்று மடிந்தது, இன்னொன்று மடிந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா பார்க்கிறாள் என்பதையே மறந்துவிட்டவள்போல நெலிமா ஏதோ முனகிப் பாடினாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உட்கார இடம் தேடி அந்தச் சின்ன அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

நைரோபியில், குளிர்ந்த சிமெண்டுப் படியில், நசிமியு சற்று நகர்ந்து பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.