மெதுவாக வரும் கப்பல்

நான்கு வயதுப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது எது — பக்கத்தில் அப்பாவா, நல்ல காற்றா? ஒரு வாரமாக இந்தக் கேள்வியோடுதான் சோறு வடிக்கிறேன். பதில்தான் வரவில்லை.

என் கணவர் கப்பலில் எஞ்சினியர். மகள் யாழினி அவரை அதிகம் பார்த்தது செல்போனில்தான். இப்போது ஒரு துறைமுகத்தில் அவருக்குக் கரை வேலை கிடைத்திருக்கிறது. குவார்ட்டர்ஸ் இரண்டு காலி. ஒன்று லாரிகள் புகைவிட்டு ஓடும் மெயின் ரோட்டில். இன்னொன்று கப்பல்கள் உள்ளே நுழையும் இடத்தில், கரையோரமாக.

யாழினிக்கு வீசிங் உண்டு. அவர் அனுப்பிய போட்டோவைப் பார்த்து நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். கப்பல் அங்கே ஊர்ந்துதானே வருகிறது? வலங்கைமானில் டீசல் பம்ப்செட் பார்த்து வளர்ந்தவள் நான். பாரம் ஏறினால் கரும்புகை, சும்மா ஓடினால் ஒன்றுமில்லை. அதுதானே கணக்கு!

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அது வேணாம்மா. மெதுவா வர்றப்பதான் கெடுதல் ஜாஸ்தி."

"போட்டோல புகையே காணோமேங்க?"

"கண்ணுக்குத் தெரிஞ்சா நீயே ஜன்னலைச் சாத்திட மாட்டியா?"

நைட்ரஜன் ஆக்சைடு என்றார். மூச்சுக்குழாய்க்கு ஆகாத வாயு. அதைக் குறைக்கச் சில கப்பல்களில் கருவி உண்டு. ஆனால், எஞ்சினிலிருந்து வரும் புகை நல்ல சூட்டில் இருந்தால்தான் அது வேலை செய்யும். நடுக்கடல் வேகத்தில் அந்தச் சூடு இருக்கும். கரைக்கு வந்து வேகத்தைக் குறைத்தால் சூடு இறங்கிவிடும். கருவி சும்மா கிடக்கும்.

புகைச் சோதனையில் பாஸான எஞ்சின்தானே என்று கேட்டேன். சோதனையில் பெரும்பாலும் நல்ல வேகத்தில் ஓடவிட்டுத்தான் அளப்பார்களாம். விருந்தாளி முன்னால் மட்டும் சமர்த்தாக இருக்கும் பிள்ளை மாதிரி...

அத்தைக்கு இதில் குழப்பமே இல்லை. "அவன் போவட்டும். நீயும் புள்ளயும் இங்கயே இருங்க."

இங்கே ஊரில் மட்டும் காற்று நல்லதா? அறுப்பு மெஷின் வயலில் இறங்கினால் போதும், தூசியில் யாழினிக்கு இழுப்பு வந்துவிடும். போன அறுப்பில் நெபுலைசரும் கையுமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே யாழினி போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, சார்ஜ் போயிட்டா நீங்க எங்க இருப்பீங்க?"

அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். துறைமுகத்தோரம் பிள்ளை வளர்ப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள் — நீங்கள் ஜன்னலை எப்போது திறக்கிறீர்கள்?