சாயம் போகாத கைலித் துண்டு

மண்ணரை ஊருக்குத் தெருக்குழாய் வந்த வருஷம் பசீர் அகமதுவுக்கு நாற்பது வயது. ஆற்றங்கரைச் சலவைப் பட்டறையில் பதினாறு வருஷமாகப் பனியன் துணி வெளுத்துக்கொண்டிருந்தார். பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் பழுப்புத் துணியை முக்கி எடுத்தால் வெள்ளை வெளேரென்று வரும். பவுடர் கூடினால் துணி இற்றுப்போகும், குறைந்தால் பழுப்பு நிற்கும். அளவு பார்க்க அவருக்குக் கருவி எதுவும் வேண்டாம். கரைசலில் இரண்டு விரலை விட்டு மூக்கருகே கொண்டுபோனால் போதும். விரல் நகங்கள் எல்லாம் வெந்து கிடந்தன. மூக்கு மட்டும் முதலாளியே மெச்சும் மூக்கு.

அந்த மூக்குதான் வினையாகிப் போனது. குழாய் திறந்த அன்று ஒரு கை தண்ணீர் பிடித்து முகர்ந்தவர், "இது நம்ம பட்டறைப் பவுடராச்சேங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தைத் தெரு பார்த்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் பவுடர் குடலை அரிக்கும் என்றார்கள். பொழுது சாய்வதற்குள், பிள்ளை பிறக்காமலிருக்கச் சர்க்கார் கலக்குகிற மருந்து என்றார்கள். சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாடு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. "இல்லாட்டி ஏனுங்க சும்மாத் தண்ணி தர்றான்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

ஓவர்சீயர் ஒருவர் வந்து, கிருமி சாகத்தான் போடுகிறோம், அளவு ரொம்பக் கொஞ்சம் என்று எடுத்துச் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டைக்காரர் சொன்னால் நம்பிவிடுவார்களா நம் ஜனங்கள்? "பாய் சொல்லட்டும்" என்றார்கள். பவுடர் நெடியடிக்கிற ஆள் என்று பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தவர்கள்கூட அன்று அவர் வாயைப் பார்த்து நின்றார்கள். மனிதருக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. "துணியவே திங்கிறது குடலை உடுமாங்க?" என்றார். தெரு முழுக்கப் பழையபடி மூலைக் கிணற்றுக்குக் குடத்தைத் தூக்கியது.

ஆனாலும் தொழிலாளியின் மனசு சும்மா இருக்குமா. நீலக் கைலியில் ஒரு துண்டு கிழித்துக் குழாய்த் தண்ணீர் நிறைந்த சொம்பில் போட்டு வைத்தார். பட்டறைத் தொட்டியில் அந்த நீலம் அரை மணி நேரம் தாங்காது. ஒரு நாள் ஆனது, இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அவர் மனைவி ஷரீபுன்னிசா துண்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, சாயம் துளிகூடப் போகலீங்களே. குடிக்கலாமாட்ட இருக்குது."

"இருக்கட்டும் உடு" என்றார் பசீர்.

மறுநாளிலிருந்து ஷரீபுன்னிசா, தெரு ஆளில்லாமல் கிடக்கும் மத்தியான நேரத்தில் குழாயில் ஒரு குடம் பிடித்து வந்தாள். பசீர் அதைக் கண்டார், கேட்கவில்லை. தாகத்துக்கு அதையே குடித்தார்.

பக்கத்து வீட்டு அமராவதி, கிட்டுசாமியின் மனைவி, பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை செய்பவள். ஊரெல்லாம் பாய் என்று கூப்பிட, அவள் ஒருத்திதான் அவரை அண்ணா என்பாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அப்போதுதான் அவளுக்கு நாலு மாசம். நாலைந்து பெண்கள் சூழ நிற்கையில் அவரிடம் வந்தாள்.

"அண்ணா, மசக்கைக்குக் கிணத்துத் தண்ணி வாய்க்கு ஒப்ப மாட்டேங்குதுங்க. குழாய்த் தண்ணி குடிக்கலாங்களா? நீங்க சொன்னாச் சரிங்க."

குடி கண்ணு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நுனி நாக்கு வரை வந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால், நான் சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வது? "எதுக்கும் கிணத்துத் தண்ணியே குடி கண்ணு" என்றார். அந்தப் பாழாய்ப்போன 'எதுக்கும்' அவர் ஆயுசுக்கும் அவரை விடவில்லை.

ஐப்பசி மழையில் சாக்கடை புரண்டு கிணற்றில் இறங்கியது. பதினோரு வீட்டில் வாந்திபேதி. பசீர் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. அல்லா காப்பாற்றினான் என்று தெரு சொன்னபோது அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அமராவதியை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. வயிற்றில் இருந்தது தங்கவில்லை.

பத்து நாள் கழித்து வெளிறிப்போய்த் திரும்பியவள், நேரே அவரிடம் வந்து அழுதாள்.

"உங்க பேச்சை மீறிட்டனுங்க அண்ணா. தாகத்துக்கு ஒருக்கா குழாயில ரெண்டு வாய் குடிச்சுப்போட்டேன். அதுதான் என் புள்ளையக் கொண்டுபோயிருச்சு. என்னைய மன்னிச்சிருங்க."

தெருவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பசீர் மேல் ஒரு சொல் வந்திருக்காது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதை அவரால் தாங்க முடியவில்லை. உள்ளே போய் நீலத் துண்டை எடுத்து வந்தார்.

"குழாய்த் தண்ணி ஒண்ணும் பண்ணலீம்மா. இந்தத் துண்டு மூணு நாள் அதுல ஊறுச்சு, சாயம் போகல. கிணறுதான் கெட்டுப்போச்சு."

அமராவதி துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் வந்து கேட்டனே, அதுக்கு முன்னாலீங்களா, பின்னாலீங்களா?"

"முன்னால."

"அப்ப உங்க ஊட்ல எந்தத் தண்ணி குடிச்சீங்க?"

பொய் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"குழாய்த் தண்ணி" என்றார்.

அவள் துண்டை அவர் கையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலை அவள்தான் முதல் ஆளாகக் குழாயில் குடம் வைத்தாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு மாசத்தில் தெருவே வந்தது.

பசீர் அதன் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். அமராவதி அவரோடு பேசாமல் இல்லை. பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தாள், அவர் படுத்தபோது கஞ்சி கொண்டுவந்தாள். ஆனால் ஊரார் எல்லாரும் கூப்பிடுவது போல அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டாள்.