இடம், அலுமாரி, புத்தகம்

நான் ஆய்வு செய்யும் அறிஞர் சில நூறு ஆண்டுகளுக்கு முன் இலத்தீனில் எழுதியவர். பழைய கிரேக்க, ரோம நூலகங்களைப் பற்றி அகப்பட்ட வரிகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து ஒரு வரலாறு எழுதினார். அவற்றில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் எரிந்தும் உளுத்தும் போயிருந்தன. நூலகத்தைக் குறிக்கும் சொல்லுக்கு அவர் மூன்று பொருள் தருகிறார்: இடம், அலுமாரி, புத்தகங்கள். சென் தெனியில் பிரெஞ்சுப் பல்கலைக்கழக வகுப்பில் இருந்து இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் தமிழ் நூலகத்துக்கு அப்போது மூன்றும் இருந்தன. ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறை, அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஓர் இரும்பு அலுமாரி, அதற்குள் ஊரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த புத்தகங்கள். கடைக்கார அண்ணை தன் தாயின் கல்வெட்டையும் அங்கேதான் வைத்திருந்தார். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அச்சிடும் நினைவுப் புத்தகத்தை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். பேப்பர், அதாவது வதிவிட அனுமதி, கிடைக்காததால் செத்தவீட்டுக்குப் போக முடியாத மனிதர் அவர். தபாலில் வந்தது அந்த ஒரு பிரதி. தாயின் படம் அவரிடம் வேறு இல்லை.

போன வருடம் கடையைக் காலி செய்ய வேண்டி வந்தது. புத்தகங்களை ஏற்க ஒரு பொது நூலகத்தை நான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். கல்வெட்டையும் அண்ணை பெட்டிக்குள் வைத்தார்.

"என்னட்டை இருந்தால் துலைஞ்சுபோகும். அங்கை எண்டால் பத்திரம்" என்றார். பிறகு மகளிடம், "எல்லாத்தையும் லைபிரரியிலை குடுத்திட்டு வா" என்றார்.

மகள் இங்கேயே பிறந்தவள். 'பிப்லியோத்தேக்' என்றிருந்தால் நூலகம் என்று விளங்கியிருக்கும். நம் லைபிரரி அவள் காதில் 'லிப்ரேரி' ஆனது. பிரெஞ்சில் அது புத்தகக்கடை. பழைய புத்தகக்கடை ஒன்றில் கொண்டுபோய்க் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். வாசிக்கத் தெரியாத எழுத்து, வேண்டாம் என்றார்களாம். இனி யாருக்கும் உதவாது என்று எண்ணி, வழியில் கடதாசிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மாலையில் அவள் சொல்லி நாங்கள் ஓடிப்போனபோது தொட்டி வெறுமையாகக் கிடந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. யாரை நொந்து என்ன?

அண்ணை மகளை ஏசவில்லை. மறுநாள் வெறும் அலுமாரிக்கு முன்னால் நின்று என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, நீங்கள் அழிஞ்ச லைபிரரியளைப் பற்றித்தானே படிக்கிறியள்? உள்ளுக்கை என்ன இருந்ததெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"பாத்த ஆக்கள் எழுதி வைச்சிருக்கினம் அண்ணை."

"அப்ப நீங்களும் பாத்திருப்பியள். அந்தப் படத்திலை அம்மா என்ன சீலை உடுத்திருந்தவ? எனக்குப் பிடிபடுதில்லை."

நான் அந்தக் கல்வெட்டை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.