விக்டோரியா பாதையைத் தோண்டியவருடன் யூஸ்டன் வரை

லண்டனில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டு வருகிற மின்னஞ்சல்களுக்கு அரண்மனை, பாலம், நதி என்று வழக்கமான பதிலை அனுப்பிவிடுவேன். போன மாதம் ஒரு வாசகர், “அயர்லாந்துக்காரரின் லண்டனைப் பார்க்க வேண்டும், எங்கிருந்து தொடங்கலாம்?” என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். 1990 ஜூலையில், ஒரு சனிக்கிழமை பிற்பகல், நோர்பரியிலிருந்து யூஸ்டன் வரை போன பயணம் அது. மொத்தத் தூரம் பத்து மைலைத் தாண்டாது. இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. நோர்பரியில் மகேசன் அண்ணையின் வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். மற்ற அறைகளிலும் யாழ்ப்பாணத்துப் பெடியன்கள்தான். மாடிப்படிக்குப் பக்கத்துச் சின்ன அறையில் மட்டும் ஜோ. ஐம்பத்திரண்டு வயது, அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு கிராமம், கட்டட வேலை. பிரித்தானியர் ஆண்ட ஒரு தீவிலிருந்து வந்தவருக்கு, பிரித்தானியர் ஆண்ட இன்னொரு தீவிலிருந்து வந்தவர் லண்டனில் வாடகைக்கு அறை கொடுத்திருந்தார். ஜோ எங்களோடு இருந்து ‘தம்பி’, ‘சம்பல்’ இரண்டையும் நன்றாகப் பழகியிருந்தார். மிச்சமெல்லாம் ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் பேச்சு எனக்கு எங்கள் தமிழிலேயே ஞாபகம் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் கப்பலேறியவர் ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. முதலில் கையில் காசில்லாத வெட்கம். பிறகு இத்தனை காலம் போகாமல் இருந்துவிட்ட வெட்கம். “வாற வருசம்” என்று சொல்லியே முப்பத்து மூன்று வருடத்தை ஓட்டிவிட்டார். அந்த ஜூலையில் அவருடைய தாய் படுக்கையில் விழுந்து, மகனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தங்கை நோரா தொலைபேசியில், “நானே வந்து கையோடை கூட்டிக்கொண்டு போறன்” என்று சொல்லிவிட்டாள். சனி மாலை யூஸ்டனில் சந்திப்பதாக ஏற்பாடு. இதைத் தவறவிட்டால் ஜோ போகவே மாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜோவுக்கும் தெரியும்.

அந்தக் கிழமை பார்த்து நகரத்தின் நடுவில் அயர்லாந்து ஆயுதக் குழு வைத்த குண்டு வெடித்திருந்தது. குண்டு வெடித்தால் ஜோ வெளியில் வாயைத் திறக்க மாட்டார். அவருடைய ஆங்கிலத்தில் முதல் சொல் விழும்போதே ஊர் தெரிந்துவிடும், கடையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். குண்டு வைத்தவர்களை அவருக்கும் பிடிக்காது. அதை யாரிடம் போய் விளக்குவது? பால் வேண்டுமென்றால் பால் போத்தலைக் காட்டுவார், சிகரெட் வேண்டுமென்றால் சிகரெட்டைக் காட்டுவார்.

“நீயும் கூடப் போ” என்றார் மகேசன் அண்ணை என்னிடம். “அந்தாள் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்காது. பிளாட்பாரம் மாறினாலும் நிண்ட இடத்திலையே நிக்கும்.”

“ஓம் அண்ணை, போறன்” என்றேன். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு பஸ்ஸில் தமிழ் வாயில் வந்துவிடக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு போனவன் நான். ஜோவைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்காது, சொந்தக்காரரைப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

நோர்பரி நிலையத்தில் நான்தான் டிக்கெட் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். என்னுடைய ஆங்கிலம் டிக்கெட் கொடுப்பவருக்கு இரண்டாம் தடவைதான் புரிந்தது. இந்த மொழியைப் பிறந்ததிலிருந்து பேசுகிற வெள்ளைக்காரர் எனக்குப் பின்னால் சப்பாத்தைப் பார்த்தபடி நின்றார். நாள் முழுவதும் பஸ், ரயில், பாதாள ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும் டிராவல்கார்ட் இரண்டு வாங்கினோம். விக்டோரியாவுக்கு ஏழரை மைல், இருபது நிமிடம்.

எங்கள் பெட்டியில் ஆட்கள் குறைவு. கதைத்தால் பயம் குறையுமென்று நினைத்து, ஊரைப் பற்றிக் கேட்டேன். ஜோ குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எங்கடை ஊரிலை பாதி வீட்டுக்குக் கூரை இல்லை தம்பி. போன நூற்றாண்டுப் பஞ்சத்திலை விட்டிட்டுப் போன வீடுகள். உருளைக்கிழங்கு அழுகினது உண்மைதான். ஆனால் தானியமும் வெண்ணெயும் மாடும் எங்கடை துறைமுகத்தாலை கப்பலேறி இங்கை வந்துகொண்டுதான் இருந்தது. நிலம் எங்கடை இல்லை, எங்களுக்குக் கிழங்கு மட்டுந்தான்.”

அவருடைய பாட்டனார் பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் பேசியதற்காகக் கழுத்தில் தடி தொங்கவிடப்பட்டவர். ஒவ்வொரு சொல்லுக்கும் தடியில் ஒரு வெட்டு, வெட்டுகளை எண்ணி மாலையில் அடி. “நாடு கிடைக்கேக்கையும் முழுசாய்க் கிடைக்கேல்லை. மேலை வடக்கிலை ஒரு துண்டை வெட்டித் தங்களோடை வைச்சிட்டாங்கள். அந்த வெட்டுத்தான் இண்டைக்கும் காயுதில்லை” என்றார்.

நான் என் பங்குக்கு, வெள்ளைக்காரன் எங்களை இனவாரியாக எண்ணி வைத்ததையும், போகும்போது சாவியை ஒரு கையில் மட்டும் கொடுத்துவிட்டுப் போனதையும் சொன்னேன். எங்கள் நாட்டில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிற சட்டத்துக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று பெயர் என்றேன். “அட, இங்கையும் அதுதான் பெயர்” என்றார் ஜோ. அயர்லாந்திலிருந்து வருகிறவர்களைத் துறைமுகத்தில் மறித்து விசாரிப்பது அந்தச் சட்டத்தில்தானாம். கிளாப்பம் சந்தி வந்தபோது ஜோ மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் நோராவைத்தான் நினைத்திருப்பார்.

விக்டோரியாவில் இறங்கி நிலத்துக்குக் கீழே போனோம். யூஸ்டனுக்கு விக்டோரியா பாதையில் நான்காவது தரிப்பு. ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஜோ என் காதருகில் குனிந்தார். “இந்தப் பாதையிலை நானும் வெட்டினனான். அறுபதுகளிலை. முக்கால்வாசிப் பேர் எங்கடை ஆக்கள்தான். களிமண் நல்லது, தண்ணி வந்தால்தான் பயம்.” கருப்பாக ஓடிய சுவரை யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஆறு வருடமாக அந்தப் பாதையில் வேலைக்குப் போனவன், அதை யார் தோண்டியிருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

யூஸ்டன் பெரிய மண்டபம். கப்பலில் வருகிறவர்கள் ஹோலிஹெட் துறைமுகத்தில் ரயிலேறி இங்கேதான் வந்து இறங்குவார்கள். அறிவிப்புப் பலகைக்குக் கீழே நின்றோம். ரயில் அரை மணி தாமதமாக வந்தது. பெட்டிகளோடு ஆட்கள் மேலே வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், கலைந்தார்கள். நோரா வரவில்லை. ஜோ கடைசியாகப் பார்த்த நோராவுக்குப் பத்து வயது. இவர் இவ்வளவு காலமும் ஒரு படம் அனுப்பியதில்லை, அனுப்பச் சொல்லிக் கேட்டதும் இல்லை.

மண்டபம் வெறுமையாகிக்கொண்டு வந்தது. “மறிச்சிட்டாங்கள் போலை” என்றார் ஜோ. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தகவல் யன்னலில் போய்க் கேட்டேன். ரயில் வந்துவிட்டது, எல்லோரும் இறங்கிவிட்டார்கள், அவ்வளவுதான் தெரியும் என்றார்கள்.

“போவம் தம்பி. வாற வருசம் பாப்பம்” என்று ஜோ திரும்பி நடக்கத் தொடங்கினார்.

அந்த ‘வாற வருசம்’ கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மண்டபத்தின் நடுவில் நின்று, வயல்வெளியில் ஆளைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டேன். அதிலும் ஒரு சிக்கல். என்னைவிட மூத்த பெண்ணை வெறும் பெயர் சொல்லி எப்படிக் கூப்பிடுவது? வாய் தானாக, “நோரா அக்கா!” என்றது. இரண்டாம் தடவை இன்னும் பலமாக.

ஒரு தூணுக்குப் பக்கத்தில், கபில நிறப் பெட்டியோடு நின்ற பெண் திரும்பினாள். அவளை நான் அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜோவும் பார்த்தார். அவளும் ஜோவை இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறாள். லண்டனில் வாயைத் திறக்காதே, யாரிடமும் எதுவும் கேட்காதே என்று ஊரில் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருபது அடி இடைவெளியில், கூடப்பிறந்த இரண்டு பேர், மற்றவர் கூப்பிடட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

“நீயோ? நரைச்சுப் போனாய்” என்றாள் நோரா. ஜோ கிட்டப் போனார். அவளுடைய பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார், பிறகு திரும்பவும் தூக்கினார், பிறகு அழுதார். நானும் அழுதேன், அதை மறைப்பதில் பயனில்லை.

இதே வழியில் போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சனிக்கிழமை பிற்பகலில் போங்கள், நோர்பரி ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். யூஸ்டனிலிருந்து கில்பர்ன் ஹை ரோட்டுக்கு நேரே ரயில் உண்டு, ஒரு காலத்தில் அயர்லாந்துக்காரர் நிறைந்திருந்த தெரு அது. ஞாயிறு காலை அங்குள்ள கத்தோலிக்கக் கோவிலில் இன்றும் சில முதியவர்களைப் பார்க்கலாம். வரலாறு கேட்பதற்கு முன்னால் ஊர் எதுவென்று கேளுங்கள், மிச்சம் தானாக வரும். நீங்கள் எந்த ஊர் என்றும் சொல்லுங்கள். அந்தத் தீவைப் பற்றி நான் பிறகு நிறைய வாசித்தேன். ஓர் ஆட்சி போன பிறகும் ஆட்களின் தொண்டையில் இவ்வளவு காலம் இருக்க முடியும் என்பதை யூஸ்டனில்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை அவர்களை ஏற்றிவிட யூஸ்டனுக்குத் திரும்பவும் போனேன். வழக்கம்போல டிக்கெட் யன்னலுக்கு நான் முன்னால் போனேன். ஜோ என் தோளில் கைவைத்து மெதுவாக விலக்கினார். “நான் கேக்கிறன் தம்பி.” ஊர்ப் பெயரையும் துறைமுகத்தின் பெயரையும் தன்னுடைய ஆங்கிலத்தில், வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர் தலை நிமிராமல், “போக மட்டுமா, திரும்பி வரவுமா?” என்று கேட்டார்.

ஜோ நோராவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “ரெண்டுக்கும் தாங்கோ” என்றார். “எனக்கு ரெண்டு பக்கமும் ஆக்கள் இருக்கினம்.”