சவரிமுத்துவை முதலாளி ஆக்கிய கதை

பந்தல் தொழிலில் கம்பு நடுவது சுலபம், கீற்று வேய்வது அதைவிடச் சுலபம். நீ கன்ட்ராக்டரா கூலியா என்று பஞ்சாயத்து ஆபீசில் கேட்டால் பதில் சொல்வதுதான் கஷ்டம். சொந்தத் தொழில் செய்து வரி நோட்டீஸ் வாங்கிய உங்களுக்கு அந்தப் பயம் தெரியாததா? ஆனால் நான் செய்த வெட்கக்கேட்டை நீங்கள் யாரும் செய்திருக்க மாட்டீர்கள்.

தகர போர்டு

நயா பைசா வந்த புதிது. மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்ட பந்தலில் நல்ல பேர் வந்தது. தலைக்கனம் ஏறி, ஒரு தகரத்தில் ‘பந்தல் கன்ட்ராக்டர்’ என்று மஞ்சள் பெயின்டில் எழுதி வாசலில் மாட்டினேன். ஒரு வாரம் நானே போகவும் வரவும் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் பில் கலெக்டர் சைக்கிளை நிறுத்திப் படித்தார். கன்ட்ராக்டர் என்றால் தொழில்வரி உண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்றார். “நானெல்லாம் கன்ட்ராக்டருங்களா சாமி? சும்மா அழகுக்கு மாட்டினதுங்க” என்றேன்.

“அழகுக்குன்னா மாவிலை மாட்டியிருக்கலாமேங்க.”

ஆடி மாசம்

ஆபீசுக்கே போய் கிளார்க்கிடம் முறையிட்டேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியில் இல்லை, மார்கழியில் இல்லை, கம்பெல்லாம் சும்மா கிடந்து செல்லரிக்கிறது என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். போன ஆடியில் அவருடைய மாமனார் இறந்தபோது பந்தல் போட்டவனே நான்தான். அது அவருக்கு ஞாபகம் இருந்தது, எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

“ஏனுங்க, எழவு ஊட்டுக்கு நல்ல மாசம் பாத்துட்டா வந்து பந்தல் போட்டீங்க?”

கை காட்டியது

“போட்டது நான்தானுங்க, ஆனா நான் கூலிக்குப் போற ஆளுங்க” என்று உளறிவிட்டேன். “அப்ப மொதலாளி ஆரு?” என்றார். ஜன்னலுக்கு வெளியே என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சவரிமுத்து நின்றிருந்தான். பன்னிரண்டு வருஷமாக என்னிடம் கம்பேறுகிற ஆள். சேலத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியிருக்கும், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். எழுதப் படிக்கத் தெரியாது. அவன் பக்கம் கை காட்டினேன். கிளார்க் நம்பவில்லைதான். ஆனாலும் யார் கட்டினால் என்ன என்று அவன் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கமுக்கமாக நானே கட்டிவிடலாம் என்று இருந்தேன். இருந்தேன், அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து சவரி பேருக்கு நோட்டீஸ் வந்தது. அதை நேராக என்னிடமே கொண்டுவந்து, படிச்சுச் சொல்லுங்க என்றான். கட்டத் தவறினால் வீட்டுச் சாமான் ஜப்தி என்று போட்டிருந்தது. “எலெக்‌ஷன் நோட்டீசுடா, ஓட்டுக் கேக்கறாங்க” என்று மடித்துக் கையில் கொடுத்தேன். நெஞ்சு கூடப் படபடக்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

“அப்ப நீங்க சொல்ற ஆளுக்கே போட்டுர்றனுங்க மேஸ்திரி.”

அண்டா

ஒரு நாள் காலையில் ஜப்திக்கு வந்தவர்கள் சவரி வீட்டுப் பித்தளை அண்டாவைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார்கள். அவன் சம்சாரம் ஆரோக்கியம் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த அண்டா. தெருவே கூடிவிட்டது. “நான் ஆருக்குங்க மொதலாளி?” என்று சவரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சேதி கேட்டு ஓடினேன். நான்தான் முதலாளி, பொய் சொல்லிவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லி, பணத்தைக் கட்டி, அண்டாவை நானே உள்ளே தூக்கி வைத்தேன். சவரி மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டான். ஆரோக்கியம்தான் அன்றைக்கே வாசற்படியில் மறித்துக் கேட்டது:

“ஏனுங்க அண்ணா, அவரு உங்களுக்கு மொதலாளின்னா, போன வாரம் மழைக்கு ஒதுங்குனதுக்கு அரை நாள் கூலிய எப்படிங்க புடிச்சீங்க?”

அதற்கப்புறம் நான் ஒரு தவணை வரிகூடப் பாக்கி வைத்ததில்லை. ஆரோக்கியம் எதிரே வந்தால் மட்டும் இன்றைக்கும் சைக்கிளை வேறு சந்தில் திருப்பிவிடுகிறேன்.